சிதோனியின் கத்தி மூடிய சத்தம்

சென்ற அக்டோபர் விருந்தில் தலைவராக இருந்த கசிமீர் கிழவர் தன் கத்தியை மடக்கியது உண்மை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிதோனி வெய்சாத் அதைக் கண்ணால் பார்த்தாள். சத்தம்தான் வரவில்லை. மேசையின் மறுமுனையில் இருந்த உர்பேன், வாயில் ரொட்டியோடு, "என்ன பெரியவரே, மடக்கிட்டீங்களா? எனக்குக் கேக்கலையே!" என்றான். கசிமீருக்கு அவன் சொன்னதே கேட்கவில்லை. அவருக்குக் காது அவ்வளவுதான். அவர் கேட்டுப் புரிந்துகொண்டு பதில் சொல்வதற்குள் உர்பேன் எழுந்து, மேட்டுத் தொட்டியில் இனி தன் மாடுகள்தான் முதலில் குடிக்கும் என்பதற்கு நாலு கைகளைத் தூக்க வைத்துவிட்டான்.

எங்கள் மேட்டில் ஏழு வீட்டுக்காரர்களுக்குப் பொதுவாக ஒரு கோடை மேய்ச்சல் நிலம் உண்டு. மாடுகள் கீழே இறங்கும் நாளில் ஏழு வீடும் ஒரே மேசையில் சாப்பிடும். அந்த வருஷத்து மேட்டுத் தலைவர் மேசையின் தலைப்பக்கம் உட்காருவார். அவருடைய கத்தி விரிந்து கிடக்கும்வரை பேசினால் அது பேச்சு. கை தூக்கினால் அது ஓட்டு. 'டக்'கென்று மடக்கிவிட்டாரோ, முடிந்தது. அப்புறம் யார் எது கேட்டாலும் அடுத்த அக்டோபருக்குத்தான். யாராவது ஒருவர் இன்னும் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தலைவர் மடக்கக் கூடாது, அது மரியாதை இல்லை. மடக்கும் சத்தம் மேசைக்குக் கேட்காவிட்டால் மடக்கியதாகவே கணக்கில்லை.

வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றும் தலைமை இந்த வருஷம் சிதோனியின் வீட்டுக்கு வந்தது. அவள் அப்பா லெயோன்ஸ் இறந்தபின் மாடுகளைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். மேசையின் தலைப்பக்கத்தில் ஒரு பெண் உட்காருவது இதுதான் முதல் தடவை. அதைப் பற்றி ஆளுக்கொரு கேலி கிளம்பியது. கேலியெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. ஜூலை மாதச் சந்தையிலேயே உர்பேன் எல்லார் காதிலும் போட்டுவிட்ட சேதிதான் பெரிது. ஊற்றைச் சுற்றி ஐந்து வருஷத்துக்கு வேலி போட்டுக்கொள்ள அவன் அனுமதி கேட்கப் போகிறானாம். அந்த ஊற்று வழிந்துதான் சிதோனியின் பங்கு நிலத்துக்குத் தண்ணீர். வேலி வந்தால் அவள் தன் மாடுகளில் பாதியை விற்க வேண்டும். விற்கிற மாட்டை வாங்கப் போகிறவன் யார் என்பதும் ஊருக்கே தெரியும்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு மத்தியானம், அவள் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் மடக்குக் கத்தியை விரித்து மூடிப் பார்த்தாள். பிள்ளை தூங்கும் அறையில் சாத்திய கதவு போலச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. மறுபடி விரித்து மூடினாள். அதே கதைதான்.

அவள் கணவன் மர்சலேன் சூப்பிலிருந்து தலையைத் தூக்கினான். சீஸ் சங்கத்தின் பால் வண்டி ஓட்டுபவன். பேச்சில் வண்டியைவிட வேகம்.

"என்ன, கத்திக்கு இருமலா?"

"இருமினாத்தான் பரவாயில்லையே. மூச்சே வரல."

"லாயோல் டவுன்ல தெருவுக்குப் பத்துக் கத்திக் கடை இருக்கு. புதுசா ஒண்ணு வாங்கிக்கோயேன்."

"புதுக் கத்தி ஒரு கோடை முழுக்க மேட்டுல இருந்தாத்தான் தலைவர் கத்தி ஆகும். தெரியாத மாதிரி பேசாத."

"அப்ப என் கத்தியை எடுத்துக்கோ."

"உன் கத்தி பால் வண்டியில ஊர் சுத்துன கத்தி. மேட்டுக்கு எந்த ஜென்மத்துல ஏறுச்சு?"

மர்சலேன் மறுபடி சூப்புக்குத் தலையைக் கொடுத்தான்.

லெயோன்ஸ் காலத்தில் அந்தக் கத்தி மூடினால் லாடம் கல்லில் பட்டது போலக் கேட்கும். வீட்டில் சாப்பாட்டை முடித்து அவர் மூடியதும் நாய் எழுந்து வாசலுக்குப் போகும். பிடி அவர்கள் வீட்டுக் காளை மார்க்கியின் கொம்பு. உயிரோடிருந்தபோது ஊரில் பாதிப் பேரை வேலி தாண்ட வைத்த காளை அது. அப்பாவுக்குப் பின் சிதோனி அந்தக் கத்தியை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டாள். வைக்கோல் கட்டின் கயிற்றை அறுத்தாள், வேலி ஆணியை நெம்பினாள், மாட்டுக் குளம்பில் சிக்கிய கல்லை எடுத்தாள். அலகு இப்போது ஆடிய பல் மாதிரி ஆடியது. ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது.

அலகின் அடியில் தேய்ந்துபோன ஒரு முத்திரை இருந்தது: சிறிய திராட்சை இலை. லாயோலில் ஃபாப்ரேக் பட்டறையின் முத்திரை. தங்கள் முத்திரை உள்ள கத்தி எத்தனை வயதில் திரும்பி வந்தாலும் காசில்லாமல் சரிசெய்து கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். மறுநாளே அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முசியே ஃபாப்ரேக் ஒல்லியானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கத்தியை வெளிச்சத்தில் திருப்பினார். கல்யாணமாகிப் போன மகள் வீட்டுக்கு வந்தது போல முகம் மலர்ந்தது.

"எங்க தாத்தா கை வேலை மதாம் இது. எத்தனை வருஷம் கழிச்சு வீடு திரும்பியிருக்கு பாருங்க! ஆமா, இதை வச்சு என்ன வெட்டினீங்க? பாறையா?"

"எது கையில கிடைச்சுதோ அதை."

"தெரியுது. அலகை நேர் பண்ணணும். ஸ்பிரிங்கு போச்சு, புதுசு போடணும். ஆணி எல்லாம் மாத்தணும். பிடியையும் மாத்திரலாம், இந்த விரிசல்…"

"பிடியைத் தொடாதீங்க முசியே. அது மார்க்கி."

"யாரு?"

"எங்க காளை."

ஃபாப்ரேக் கொம்பை ஒருதரம் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "சரி, மார்க்கி அப்படியே இருக்கட்டும். மத்ததை என்கிட்ட விடுங்க. புதுசா இருந்தப்ப இருந்ததைவிட நல்லா வரும்."

சத்தத்தைப் பற்றி சிதோனி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி செய்கிறவரிடம் போய், மணி அடிக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்களா? ஃபாப்ரேக்கும் கேட்கவில்லை. சத்தம் போடும் கத்தியை யாராவது விரும்பிக் கேட்பார்கள் என்பது அவர் பட்டறையில் யாருக்கும் தோன்றியிராத விஷயம்.

விருந்துக்கு முந்தைய வாரம் மர்சலேன் பால் வண்டியில் அதை வாங்கிக்கொண்டு வந்தான். துணியைப் பிரித்ததும் சிதோனிக்குக் கண் நிறைந்துவிட்டது. அலகு தண்ணீர் போல இருந்தது. மார்க்கியின் கொம்பு தேய்த்துத் துடைத்துத் தேன் நிறத்தில் மின்னியது. விரித்தாள், வழுக்கிக்கொண்டு விரிந்தது. மூடினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

வெண்ணெயில் விரல் இறங்கியது போல அலகு உள்ளே போய் அமர்ந்துகொண்டது. இரண்டாவது தடவை ஓங்கி மூடினாள். கடைசி நூலிழையில் ஏதோ ஒன்று அலகைத் தாங்கிப் பிடித்துப் பூனைக்குட்டியைத் தொட்டிலில் வைப்பது போலக் கிடத்தியது. மர்சலேன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் வாய் மூடிய சத்தம்கூட அந்தக் கத்தியைவிடப் பெரிது.

அவள் கவுனில் இருந்த மாவைக்கூடத் தட்டாமல் வண்டியை லாயோலுக்கு விட்டாள். ஃபாப்ரேக் வாசலிலேயே சிரித்த முகமாக நின்றார்.

"எப்படி இருக்கு மதாம்?"

"ஊமையா இருக்கு."

"பாத்தீங்களா!" என்றார் அவர் பூரிப்போடு. "அதுதான் இருக்கிறதுலயே பெரிய வேலை. புது ஸ்பிரிங்கைப் போட்டதும் என்னமா குரைச்சுது! உள்ள ஒரு தாங்கி வச்சு, ஸ்பிரிங்கை இளக்கி, ஒரு வழியா வாயை அடைச்சுட்டேன்."

"யாரு அடைக்கச் சொன்னா?"

ஃபாப்ரேக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. "மதாம், கத்தி குரைச்சா அலகோட முனை ஸ்பிரிங்குல மோதுது. மோதினா மழுங்கும். நல்ல வீட்டுக் கத்தி சத்தம் போடாது. பாரிஸ்காரங்க யாராவது…"

"பாரிஸ்காரன் மேட்டுல மாடு மேய்க்கிறானா? எனக்கு இது குரைக்கணும் முசியே. குரைக்கலைன்னா என் மாட்டுல பாதி தண்ணியில்லாம சந்தைக்குப் போகும்."

"கத்தி குரைச்சா மாட்டுக்குத் தண்ணி வருமா?"

அவள் அங்கேயே, சாணைக்கல் பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். மேசை, தலைப்பக்கம், கசிமீரின் கேட்காத கத்தி, உர்பேன், ஊற்று, வேலி. ஃபாப்ரேக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பெஞ்சுக்குக் கீழே இருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து, தாத்தா காலத்துக் கத்திகள் இரண்டை எடுத்து ஒவ்வொன்றாக மூடினார். டக். டக். இரண்டும் பட்டறையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் குரைத்தன.

"எங்க தாத்தாவோட கத்தி எல்லாம் இப்படித்தான்," என்றார் மெல்ல. "கிழவருக்கு நுணுக்கம் பத்தாதுன்னு முப்பது வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். மாட்டுக்காரங்க கேட்டுத்தான் செஞ்சிருக்காரு. எங்கிட்ட யாருமே சொல்லல."

"நானும்தான் சொல்லல. சொல்ல வேண்டியிருக்கும்னு தெரியாது."

"அலகு மழுங்குமே மதாம்." அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"வருஷத்துல ஒருநாள்தான் ஓங்கி மூடுவேன். மிச்ச நாள் தொட்டில்ல போடுற மாதிரி மூடறேன். போதுமா?"

அந்த வாக்குறுதி அவருக்குப் பிடித்திருந்தது. உள்ளே வைத்த தாங்கியைப் பிடுங்கி எறிந்தார். புதிய ஸ்பிரிங் ஒன்றைத் தீயில் காய்ச்சி, இரண்டு கைகளுக்கும் வேலை வைக்கிற அளவுக்கு முறுக்கேற்றினார். அலகின் அடிப்பாகத்தில் அரிசியளவு தட்டையாக விட்டார். மோதுவது அந்த இடமாக இருக்கும், கூர்முனைக்குச் சேதம் வராது. ஆணி அடித்து முடித்ததும் அவளை அறையின் கோடிக்கு அனுப்பிவிட்டு மூடினார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சாணை ஓடுறப்போ?"

சாணையை ஓட விட்டு மூடினார். கேட்டது. "வெளிய போங்க!" என்று கத்தினார். அவள் தெருவைக் கடந்து ரொட்டிக் கடை வாசலில் போய் நின்றாள். டக். ரொட்டிக்காரர் தட்டோடு எட்டிப் பார்த்து, "என்ன உடைஞ்சுது?" என்றார். சிதோனி நடுத்தெருவில் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

காசு வாங்க ஃபாப்ரேக் மறுத்துவிட்டார். வீட்டு வழக்கம். ஆனால் இனாமாக வாங்கிய கத்தி உறவை வெட்டிவிடக் கூடாதே என்று அவள் நீட்டிய ஒற்றை ஃபிராங்க் நாணயத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதுவும் வழக்கம்தான்.

"விருந்துக்கு வாங்க முசியே. உங்க கைவேலையை நீங்களே கேக்கணும்."

"வராம? அடி விழற இடத்தைக் கண்ணால பாக்கணும் நான்."

மாடுகள் இறங்கிய அன்று பனி முழங்காலுக்குக் கீழே புகைந்தது. மணியோசையெல்லாம் அடங்கி மாடுகள் கொட்டிலுக்குப் போனபின், சிதோனியின் வைக்கோல் கொட்டகையில் நீள மேசை போடப்பட்டது. ஏழு வீட்டுக்காரர்களும் உட்கார்ந்தார்கள். கசிமீருக்குச் சிதோனியின் வலப்பக்கம், ஃபாப்ரேக்குக்கு இடப்பக்கம். உர்பேன் கடைசியாக வந்தான். கூடவே தோளில் அக்கார்டியனோடு ஒரு இளைஞன்.

"நம்ம மேட்டுக்கு முதல் பெண் தலைவி! வாத்தியம் இல்லாம எப்படி?" என்றான் உர்பேன். இளைஞனைத் தன் பக்கத்தில், மேசை நடுவில் உட்கார வைத்தான். "நிறுத்தாம வாசிக்கணும் தம்பி. காசு என்னுது."

மர்சலேன் அலிகோ மசியல் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவள் காதில் கிசுகிசுத்தான். "இவன் பாட்டுக்கு வரல. உன் கத்தியை அமுக்க வந்திருக்கான்."

"தெரியும். பரிமாறு."

உருளைக்கிழங்கும் சீஸும் சேர்ந்து கயிறாக இழுபட, மர்சலேன் கை உயர உயர ஊற்றினான். ஒயின் ஓடியது. கத்திகள் தட்டில் வேலை செய்தன. வழக்கமான விஷயங்கள் முடிந்தன: உப்புச் செலவு, காற்றில் பெயர்ந்த கூரை, வரும் கோடைக்கு எந்தக் காளை. எல்லாவற்றுக்கும் கைகள் ஏறின, இறங்கின. ஒவ்வொருவராகக் கத்தியை ரொட்டியில் துடைத்துப் பக்கத்தில் வைத்தார்கள்.

உர்பேன் மட்டும் வைக்கவில்லை. அவன் முன்னால் ஒரு பெரிய சீஸ் துண்டு. அதை நகம் அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றாக வாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவன் வெட்டும்வரை சிதோனி மடக்க முடியாது. அவள் விரல்கள் மார்க்கியின் கொம்பின்மேல் இருந்தன. அக்கார்டியன் பலமாக வாசித்தது.

"எலி கொறிக்கிற மாதிரி சாப்பிடறியே உர்பேன்," என்றாள் அவள். "பல்லு வலியா?"

"ருசிச்சுச் சாப்பிடறேன் சிதோனி. அவசரமா? அடுப்புல பால் வச்சிருக்கியா?" மேசை சிரித்தது. அவன் நகத்தளவு இன்னொரு துண்டை வெட்டினான். "சின்ன விஷயம் ஒண்ணு இருக்கு. பெருசா ஒண்ணுமில்ல. அந்த ஊத்துப் பக்கம் மாடுங்க மிதிச்சுச் சேறாயிடுது. பாவம், தண்ணிக்கே கேடு. நான் என் செலவுல ஒரு வேலி போட்டு அஞ்சு வருஷம் பாத்துக்கறேன். ஊருக்கு நல்லது."

"ஊருக்கா, உனக்கா?" என்றாள்.

"நான் ஊர்ல இல்லையா?" மறுபடி சிரிப்பு. ஒயின் குடித்த முகங்கள் எல்லாம் இளகிக் கிடந்தன. இரண்டு பேர் அப்போதே தலையாட்டத் தொடங்கியிருந்தார்கள். உர்பேன் பக்கத்து ஆளின் கோப்பையை நிரப்பினான். அந்தக் கணம்கூட அவன் வலக்கை கத்தியை விடவில்லை. சிதோனியின் கண்ணும் அந்தக் கையை விடவில்லை.

"பேசி என்ன ஆகப் போகுது? கை தூக்கிடலாம்," என்றான் உர்பேன்.

கையில் கத்தியோடு யாரும் கை தூக்குவதில்லை. அவன் கடைசித் துண்டை வாயில் போட்டான். கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். எழுந்தான். முன்னுதாரணமாகத் தன் வலக்கையை உயர்த்த ஆரம்பித்தான். அது தோளைத் தாண்டவில்லை.

டக்!

அக்கார்டியன் பாதி மூச்சில் நின்றது. கூரை விட்டத்தில் இருந்த புறா ஒன்று படபடத்துப் பறந்தது. உர்பேனின் கை நடுவழியில் நின்றது.

"முடிஞ்சுது," என்றாள் சிதோனி.

உர்பேன் சீஸை விழுங்கினான். "என்ன முடிஞ்சுது? எனக்குக் கேக்கலையே! தம்பி, நீ ஏன் நிறுத்தின?"

"கேட்டுச்சே முசியே," என்றான் இளைஞன் வெகுளியாக. "ஏதோ கட்டை முறிஞ்சுதுன்னு நெனச்சேன்."

அப்போது கசிமீர் கிழவர் எழுந்தார். ஒரு கை மேசைப் பலகையில் இருந்தது. "எனக்கே கேட்டுச்சுடா!" என்று கொட்டகை அதிரக் கத்தினார். "பலகை வழியா ஏறி முழங்கைக்கு வந்துச்சு! உனக்குக் கேக்கலைன்னா வா, என் காதை இரவல் தரேன்!"

மேசை வெடித்தது. உர்பேன் அசரவில்லை. "சரி, கேட்டுச்சுன்னே வச்சுக்குவோம். ஆனா அது புதுக் கத்தி. பாருங்க, எப்படி மின்னுதுன்னு! லாயோல்ல இருந்து ஆளையே கூட்டிட்டு வந்திருக்கா. ஒரு கோடைகூட மேட்டுல இல்லாத கத்தி செல்லாது."

சிரிப்பு அடங்கியது. தலைகள் திரும்பின. அலகு மின்னியது பொய்யில்லை. ஃபாப்ரேக் வாயெடுத்தார். சிதோனி அவர் கையை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, கத்தியைக் கசிமீரிடம் நீட்டினாள்.

"பெரியவரே, பிடியைப் பாத்துச் சொல்லுங்க."

கிழவர் கட்டை விரலால் கொம்பைத் தடவினார். பழைய விரிசலில் விரல் நின்றது. அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "மார்க்கி," என்றார். "இது மார்க்கி கொம்புடா. இந்த விரிசல் எப்ப விழுந்துச்சு தெரியுமா? உன்னைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிஞ்சப்போ, வேலிக் கல்லுல பட்டு விழுந்துச்சு. நீ எங்க போய் விழுந்த உர்பேன்? சொல்லு, நான் கிழவன், மறந்துட்டேன்."

"காஞ்சொறிப் புதர்ல!" என்று மேசை முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது.

"ஒரு வாரம் குப்புறப் படுத்துத் தூங்கினான்," என்றான் மர்சலேன், சட்டியோடு நின்றபடி. "மார்க்கி மேட்டுல இருந்ததில்லைன்னு அவன் முதுகு சொல்லட்டும், நாங்க ஒத்துக்கறோம்."

கசிமீர் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கத்தியை எடுத்து, சத்தம் வராதென்று தெரிந்தும், மேசையில் ஓங்கித் தட்டியபடி மூடினார். அடுத்தவர் மூடினார். டக். அதற்கடுத்தவர். டக். மேசையின் இருபுறமும் கத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டே போயின. எல்லாச் சத்தமும் போய் உர்பேனிடம் நின்றது.

விரிந்து கிடந்தது அவனுடைய கத்தி ஒன்றுதான். அவன் சுற்றிலும் பார்த்தான். உட்கார்ந்தான். கத்தியை எடுத்து, யாருக்கும் தெரியாமல் மூடிவிடுகிறவன் போல, மெதுவாக மூடினான்.

"கேக்கலையே!" என்றது மேசை.

வேறு வழியில்லை. திரும்ப விரித்து ஓங்கி மூடினான். புதரில் விழுந்தவன் முகம்தான் இப்போதும். ஆனால் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கார்டியன் இளைஞன், யாரும் சொல்லாமலே, மறுபடி வாசிக்கத் தொடங்கினான். சிதோனி அந்த இளைஞனின் கோப்பையை நிரப்பச் சொன்னாள். ஊற்று ஊற்றாகவே இருந்தது.

காப்பி வந்தபோது உர்பேன் தன் கத்தியை எடுத்துக்கொண்டு மேசையின் தலைப்பக்கம் வந்தான். சிதோனியைப் பார்க்காமல் ஃபாப்ரேக்கிடம் குனிந்தான்.

"முசியே, அடுத்த அக்டோபர்ல தலைமை என் வீட்டுக்கு வருது. இதுக்கும் அந்த மாதிரி ஒரு சத்தம் வைக்க முடியுமா?"

ஃபாப்ரேக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். கத்தியை வாங்கினார். அலகை வெளிச்சத்துக்குத் திருப்பி, அடியில் இருந்த முத்திரையை நிதானமாகப் பார்த்தார். பிறகு துணியால் துடைத்து, மிகுந்த மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார்.

"மன்னிக்கணும். இது எங்க வீட்டுப் பிள்ளை இல்ல."

சிதோனி மார்க்கியை விரித்தாள். தொட்டிலில் போடுகிற மாதிரி மெல்ல மூடிப் பையில் போட்டுக்கொண்டாள்.